படத்தில் புகை இல்லை



நம் ஊரில் எங்கேனும் இலகு ரயில் நிலையமோ எம்.ஆர்.டி. நிலையமோ எழத் தொடங்கினால், முதலில் நிற்பது தூண் அன்று, தகரத் தடுப்பு. அத்தடுப்பின்மேல் மூவாள் உயரத்துக்கு ஒரு படம். அப்படத்தில் வானம் நீலமாக இருக்கும். மரங்கள் ஒரே அளவில் வளர்ந்திருக்கும். ஒரு தாய் தன் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வாகன நெரிசலும் மின்கம்பியும் தோசைக் கடையின் தார்ப்பாயும் இரா. கீழே ஓர் ஓரத்தில், 'இது ஓவியரின் கற்பனை' என்னும் பொருள்பட மலாயிலும் ஆங்கிலத்திலும் பொடி எழுத்தில் ஒரு வரி காணப்படும்.

கணினியால் வரைவதனால்தான் இப்படங்கள் இவ்வளவு பொய்யாக இருக்கின்றன என்று என் ஆசிரிய நண்பர் ஒருவர் சொன்னார். கணினிக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. நகரப் போக்குவரத்துத் திட்டங்களுக்கு முன்தோற்றப் படம் வரையும் பழக்கம் மைக்கூட்டுக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அப்படங்களுக்கும் பின்னர்க் கட்டப்பட்டவற்றுக்கும் இடையிலான தொலைவு அக்காலத்திலும் சிறியதன்று. இதனை அறிய நியூயார்க் நகரைக் காட்டிலும் நல்ல இடம் இல்லை. ஒரே நகரம், நூற்றைம்பது ஆண்டுகள், படங்களோ பல.

1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மன்ஹாட்டன் தீவில் ஏறத்தாழ 942,000 மக்கள் வாழ்ந்தனர். தீவோ நீண்டு ஒடுங்கியது. தென்முனையில் வேலை; வடக்கே வெற்று நிலம். இடையில் பயணம் செய்யப் பெரும்பாலும் குதிரை பூட்டிய வண்டிகளே இருந்தன. வேலைக்கு நடந்து செல்லும் தொலைவுக்குள்ளேயே ஏழைகள் குடியிருக்க வேண்டியிருந்தது. ஆகவே ஒரே அறையில் பலர் அடைந்து கிடந்தனர். காற்று இல்லை, வெளிச்சம் இல்லை, நோய் மட்டும் இருந்தது. விரைந்து செல்லும் ஊர்தி ஒன்று அந்நகருக்கு வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. எப்படிப்பட்ட ஊர்தி என்பதில்தான் ஆளுக்கொரு படம் வரைந்தனர்.

அவர்களுள் ஆல்ஃபிரட் ஈலி பீச் என்பவர் சற்றே விந்தையான மனிதர். 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் உரிமையாளர்களுள் ஒருவர். கடிதங்களையும் பொதிகளையும் காற்றழுத்தத்தால் குழாய் வழியே அனுப்புவதற்கு அனுமதி பெற்றுக்கொண்டு, அந்த அனுமதியின் மறைவில் பிராட்வே தெருவுக்கு அடியில் ஆள் செல்லும் அளவுக்குச் சுரங்கம் தோண்டிவிட்டார்! 1870 பிப்ரவரி 26-இல் அது மக்களுக்குக் காட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 95 மீட்டர். ஒரே ஒரு பெட்டி. பெரிய விசிறி ஒன்று பெட்டியைப் பின்னிருந்து தள்ளும். பிறகு காற்றோட்டம் திருப்பப்பட்டுப் பெட்டி உறிஞ்சி இழுக்கப்படும். காத்திருப்புக் கூடத்தில் நீரூற்றும் பியானோவும் இருந்தன. இவையெல்லாம் படங்களில் வரையப்பட்டுப் பரவின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பீச் வெளியிட்ட படங்கள் பொய்யல்ல. நீரூற்று இருந்தது, பியானோ இருந்தது, வண்டியும் ஓடியது. ஆனால் 95 மீட்டருக்கு உண்மையான ஒரு படம், மத்தியப் பூங்கா வரையிலான பல கிலோமீட்டருக்கும் உண்மையாகிவிடுமா? ஒரே பெட்டியைத் தள்ளும் விசிறி, ஒன்றன்பின் ஒன்றாக வரும் நூறு வண்டிகளைத் தள்ளுமா? படத்தைப் பார்த்தவர் அதைக் கேட்கவில்லை. படமும் அதைச் சொல்லவில்லை. சட்டமன்றம் இசைந்தபோது ஆளுநர் மறுத்தார். ஆளுநர் மாறி 1873-இல் இசைவு கிடைத்தபோது நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. சுரங்கம் மூடப்பட்டது. 1912-இல் புதிய சுரங்கப்பாதைக்காகத் தோண்டிய தொழிலாளர்கள் அதனைத் தற்செயலாகத் திறந்தார்கள்.

பீச்சைவிட என்னை அதிகம் ஈர்ப்பவர் ரூஃபஸ் ஹென்றி கில்பர்ட். இவர் பொறியாளர் அல்லர், மருத்துவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றியவர். நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்குக் காரணம் என்று உறுதியாக நம்பியவர். மருந்து கொடுத்துப் பயனில்லை, மக்களை அந்த இடத்தைவிட்டு வெளியேற்ற வேண்டும், அதற்கு விரைவான மலிவான ஊர்தி வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். மருத்துவத் தொழிலை விட்டு ரயில் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு மருத்துவர் நோயைத் தீர்க்க இரும்புப் பாதையைப் பரிந்துரைத்தார் என்பதை நம் மாணவர்களுக்குச் சொன்னால் அவர்கள் வியப்பார்கள். எனக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

கில்பர்ட்டின் திட்டத்துக்கு வரையப்பட்ட படம் இன்றும் நூல்களில் காணக்கிடைக்கிறது. அழகான படம். தெருவின் இரு ஓரங்களிலிருந்தும் எழும் இரும்புத் தூண்கள் மேலே வளைந்து, பழைய ஐரோப்பியத் தேவாலயங்களின் கோதிக் வளைவு போலக் கூடுகின்றன. வளைவுகளின் மேல் இரண்டு உருண்டைக் குழாய்கள். குழாய்களுக்குள் காற்றழுத்தத்தால் வண்டிகள் ஓடும். கீழே தெரு விரிந்து கிடக்கிறது; வண்டிகள் தடையின்றிச் செல்கின்றன. எஞ்சின் இல்லை. எஞ்சின் இல்லாததால் புகை இல்லை, தீப்பொறி இல்லை, ஓசை இல்லை. வீடுகளின் சன்னல்கள்மேல் நிழல்கூட விழுவதாகத் தெரியவில்லை. 1872-இல் மாநிலச் சட்டமன்றம் அவருடைய நிறுவனத்துக்கு அனுமதி வழங்கியது.

அதற்கு அடுத்த ஆண்டே பொருளாதாரச் சரிவு. பணம் இல்லை. 1875-இல் அமைக்கப்பட்ட ஆணையம் ஆறாம் அவென்யூ வழியை இவருடைய நிறுவனத்துக்கு ஒதுக்கியது. 1876-இல் வேலை தொடங்கியது. ஆனால் அதற்குள் குழாயும் காற்றழுத்தமும் கோதிக் வளைவும் காணாமற் போயிருந்தன. முதலீட்டாளர்கள் கேட்டது ஓடும் என்று நிறுவப்பட்ட ஒன்றை. அதற்கு முன்பே கிரீனிச் தெருவில் சார்லஸ் ஹார்வி என்பவர் வடத்தால் இழுக்கப்படும் உயர்த்திய பாதை ஒன்றைக் கட்டி, வடம் சரிவராமல், 1871 முதல் அப்பாதையில் சிறு நீராவி எஞ்சின்கள் ஓடத் தொடங்கியிருந்தன. அழகில்லை; ஆனால் ஓடியது. ஆகவே ஆறாம் அவென்யூவிலும் அதுவே எழுந்தது: இரும்புத் தூண்கள், குறுக்கு விட்டங்கள், அவற்றின்மேல் தண்டவாளம், தண்டவாளத்தின்மேல் நிலக்கரி எரிக்கும் எஞ்சின்.

1878 ஜூன் 5-இல் பாதை திறக்கப்பட்டது. வெண்ணிறச் சட்டை அணிந்து கீழே நடந்தவர்கள்மீது எண்ணெய்த் துளியும் சாம்பலும் விழுந்தன. முதல் மாடியில் குடியிருந்தவர்களின் சன்னலுக்கு நேரே எஞ்சின் சென்றது. ஓசையைப் பற்றிய முறையீடுகள் குவியவே, அதன் காரணத்தை ஆராயுமாறு நிறுவனம் அதே ஆண்டில் அழைத்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? தாமஸ் ஆல்வா எடிசனை. ஒலிவரைவி முந்தைய ஆண்டில்தான் அவர் கையில் பிறந்திருந்தது. பள்ளிப் பாடநூலில் மின்விளக்கோடு மட்டும் நின்றுவிடும் எடிசன், ஒரு படம் சொல்லாமல் விட்ட இரைச்சலை அளக்கத் தண்டவாளத்தருகே நின்றார்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அப்பாதையின் நிலையங்களை வடிவமைத்தவர் ஜாஸ்பர் கிராப்சி. இவர் அமெரிக்காவின் புகழ்பெற்ற இயற்கைக் காட்சி ஓவியர், இலையுதிர்காலக் காடுகளைச் செந்நிறமாகத் தீட்டியவர், கட்டடக்கலையும் பயின்றவர். அவர் தாளில் வரைந்த நிலையம் இரும்பு வேலைப்பாடுகளுடன் ஒரு மலைநாட்டுக் குடில் போலத் தெருவுக்கு மேலே நின்றது. ஓவியர் வரைந்த பகுதி வரைந்தவாறே வந்தது. மருத்துவர் கனவு கண்ட பகுதிதான் வரவில்லை. நிலையத்துக்கு வேண்டியது அழகு. அதனைத் தச்சரும் கொல்லரும் தருவார்கள். புகையின்மையோ ஓர் எந்திரத்தின் பண்பு. அந்த எந்திரம் அன்று இல்லை. இல்லாத எந்திரத்தையும் இருக்கும் இரும்பையும் ஒரே பேனாவால் ஒரே அழுத்தத்தில் வரைந்துவிட முடியும் என்பதே இத்தகைய படங்களின் இடர்.

கில்பர்ட் என்ன ஆனார்? பாதை திறக்கப்பட்ட காலத்திலேயே கூட்டாளிகள் அவரை வெளியேற்றினர். அவர் பெயரும் நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டு, அது மெட்ரோபாலிட்டன் உயர்பாதை நிறுவனம் ஆயிற்று. வழக்குத் தொடுத்தும் பயன் விளையாமல் 1885-இல் மறைந்தார்.

அவரைப் பொய்யர் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. மக்கள் வடக்கே சென்று காற்றோட்டமாக வாழ வேண்டும் என்பதே அவர் நோக்கம். அது பாதியளவு நிறைவேறியது. உயர்பாதைகள் 1880 வாக்கில் ஹார்லம் வரை சென்றன. வெற்று நிலங்களில் வீடுகள் எழுந்தன. கட்டணம் முதலில் பத்து காசு. காலையிலும் மாலையிலும் தொழிலாளர் செல்லும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் ஐந்து காசு. 1886-இல்தான் எல்லா நேரத்துக்கும் ஐந்து காசு என்றாயிற்று. ஆனால் வடக்கே சென்றவருக்குக் கிடைத்த காற்று, பாதையின் அடியில் தங்கிவிட்டவரிடமிருந்து எடுக்கப்பட்டது. முன்பே இருண்டிருந்த தெருக்கள் மேலும் இருண்டன. இதனைப் படம் சொல்லவில்லை. நீதிமன்றம்தான் சொன்னது.

அந்த வழக்குகள் இன்றும் சட்ட மாணவர்களால் படிக்கப்படுகின்றன. ஃபிரண்ட் தெருவில் கட்டடம் வைத்திருந்த ஸ்டோரி என்பவர் நியூயார்க் உயர்பாதை நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். தெரு பொதுச் சொத்து. அதன்மேல் பாதை கட்டினால் உமக்கு என்ன இழப்பு என்று நிறுவனம் கேட்டது. 1882-இல் மாநிலத்தின் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தெருவோரச் சொத்துக்காரருக்கு அத்தெருவிலிருந்து வரும் வெளிச்சத்தின்மீதும் காற்றின்மீதும் வந்துபோகும் வழியின்மீதும் உரிமை உண்டு, அதனைப் பறித்தால் இழப்பீடு தர வேண்டும். 1887-இல் லார் என்பவர் தொடுத்த வழக்கின் தீர்ப்பு இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. அது கில்பர்ட் தொடங்கிய அதே மெட்ரோபாலிட்டன் நிறுவனத்துக்கு எதிரானது. எஞ்சின்களின் புகையும் ஆவியும் சாம்பலும் அந்த இழப்பின் பகுதியாக ஏற்கப்பட்டன. 1872-இன் படத்தில் ஒரு கோடும் பெறாத புகை, பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பில் இடம்பெற்றது.

பாதைகள் 1902, 1903-ஆம் ஆண்டுகளில் மின்மயமாயின. அப்போதுதான் புகை நின்றது. நிழலும் ஓசையும் 1938 டிசம்பர் வரை நீடித்தன. அம்மாதத்தில் ஆறாம் அவென்யூ பாதை மூடப்பட்டு, மறு ஆண்டு இடிக்கப்பட்டது.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் அழிந்த உலக வணிக மையத்தின் நிலத்துக்கு டேனியல் லிபஸ்கின்ட் அளித்த திட்டம் 2003 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதில் 'ஒளியின் ஆப்பு' என்றொரு சதுக்கம் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 11 காலை 8:46 முதல் 10:28 வரை, அதாவது முதல் விமானம் மோதிய நேரம் முதல் இரண்டாம் கோபுரம் வீழ்ந்த நேரம் வரை, அங்கே நிழலின்றிச் சூரிய ஒளி விழும் என்று மக்களிடம் சொல்லப்பட்டது. கேட்டவர் நெஞ்சைத் தொட்ட கருத்து அது. ஆனால் ஈலி அட்டியா என்ற கட்டடக்கலைஞர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கிழக்கே ஐம்பத்தைந்து மாடி விடுதி ஒன்று முன்பே நிற்கிறது. அதன் நிழல் அந்நேரத்தில் சதுக்கத்தின் பெரும்பகுதியை மூடும் என்று 2003-லேயே காட்டினார். லிபஸ்கின்ட் தரப்பு, சொன்னது நேரடி ஒளி மட்டுமன்று, சுற்றியுள்ள பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்தது என்று விளக்கம் கூறியது. சூரியன் எந்த நாளில் எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதைக் கூற மாயம் வேண்டா. ஒரு பஞ்சாங்கமும் ஓர் அளவுகோலும் போதும். படத்தைப் பார்த்த பல்லாயிரவருள் ஒருவர்தான் அளவுகோலை எடுத்தார்.

அதே நிலத்தில் எழவேண்டிய ரயில் நிலையத்தின் படம் 2004 ஜனவரி 22-இல் வெளியிடப்பட்டது. வடித்தவர் ஸ்பெயின் நாட்டுக் கட்டடக்கலைஞர் சாந்தியாகோ காலட்ராவா. குழந்தையின் கைகளிலிருந்து பறக்கவிடப்படும் பறவை என்று அவர் அதனை விளக்கினார். மெல்லிய வெண்ணிற எஃகு விலா எலும்புகள், இடையே கண்ணாடி, இரு சிறகுகளும் எந்திரத்தால் விரிந்து, ஏறத்தாழ 15 மீட்டர் அகலத்துக்கு வானம் திறக்கும், பகலொளி தரைக்குக் கீழே ரயில் நடைமேடை வரை இறங்கும். செலவு ஏறத்தாழ இரண்டு பில்லியன் டாலர். 2009-இல் முடியும் என்றனர். அப்படங்களை நான் கணினித் திரையில் பலமுறை பார்த்திருக்கிறேன். துயரத்தில் ஆழ்ந்த நகருக்கு அதைவிடப் பொருத்தமான ஒரு வடிவத்தை வரைவது கடினம்.

2005-இல் பாதுகாப்புத் துறையினர் வந்தனர். வெடிகுண்டைத் தாங்க வேண்டும் என்றனர். விலா எலும்புகளின் எண்ணிக்கை இரட்டிப்பாக்கப்பட்டது. பறவை சற்றே பருத்தது. 2008-இல் செலவு கட்டுமீறியபோது சிறகு விரியும் எந்திரம் கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக முகட்டில் நீளவாக்கில் ஒரு கண்ணாடித் திறப்பு மட்டும், ஏறத்தாழ ஏழு மீட்டர் அகலம். நடைமேடை வரை இறங்கும் ஒளியும் போயிற்று. 2016 மார்ச் 3-இல் நிலையம் திறக்கப்பட்டபோது செலவு ஏறத்தாழ நான்கு பில்லியன் டாலர். முகட்டுத் திறப்பை ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று திறப்பது வழக்கமாக்கப்பட்டது. 2018-இல் திறந்து மூடியபின் அதன் இணைப்புக் கிழிந்து நீர் ஒழுகவே, 2019-இல் திறக்கப்படவில்லை.

உள்ளே நிற்பவர்களுக்கு அக்கூடம் இன்றும் வியப்பளிப்பதே. இதனை மறைக்க வேண்டியதில்லை. தூணில்லாத வெள்ளைக் கூடம் 2004-இன் படத்துக்கு மிக நெருக்கமாகவே அமைந்தது. மாறியவை எவை என்று பார்த்தால், அசைவன, மெலிந்தன, விலை குறைந்தன என்று சொல்லப்பட்டவையே. கில்பர்ட் கதையில் கண்டதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. நின்றுகொண்டிருக்கும் உருவத்தைப் படம் ஓரளவு சரியாகச் சொல்கிறது. இயக்கத்தையும் எடையையும் செலவையும் சொல்வதில்லை.

சரியாக வரைய முடியாதா என்றால், முடியும். லண்டனில் உயரமான கட்டடங்களுக்கு அனுமதி கேட்போர், அளந்து குறித்த ஓரிடத்தில் ஒளிப்படக் கருவியை வைத்து, எந்த இடம், எந்த உயரம், எந்த வில்லை என்பதையெல்லாம் பதிவு செய்து, அந்த ஒளிப்படத்தில் கட்டடத்தை அளவு பிசகாமல் பொருத்திக் காட்டும் முறை உண்டு. வேறொருவர் அதே இடத்தில் நின்று சரிபார்க்கலாம். சிங்கப்பூரில் 2015 முதல், விற்பனைக்குக் காட்டும் மாதிரி வீடு உண்மையான வீட்டின் அளவையும் சுவர்களையும் அப்படியே காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. வீடு வாங்குபவருக்கு இருக்கும் இந்தக் காப்பு, நிலையத்தின் அருகில் ஏற்கெனவே வீடு வைத்திருப்பவருக்கும் ஏன் இருத்தலாகாது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம் நாட்டுப் படங்களில் நான் காணும் குறை வேறு. ஐரோப்பிய மாலைவெயில் போல நீண்ட மெல்லிய நிழல்கள் விழுகின்றன. நமக்கோ நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேர்மேலே. மாலை நான்கு மணி மழையை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. பேருந்திலிருந்து இறங்கி நிலையப் படிக்கட்டு வரை நனையாமல் செல்ல முடியுமா என்பதுதான் இங்கே உண்மையான வினா. வெயிலில் சிரித்துக்கொண்டு நடக்கும் தாயும் சேயும் அதற்கு விடை தருவதில்லை.

மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு நிலப் பொதுப் போக்குவரத்துச் சட்டம், ரயில் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு மூன்று மாதம் வைக்க வேண்டும் என்கிறது. சுங்கை பூலோ – காஜாங் எம்.ஆர்.டி. பாதைத் திட்டம் 2011 பிப்ரவரி 14 முதல் மே 14 வரை அவ்வாறு வைக்கப்பட்டது. அத்தகைய காட்சிக்கூடங்களில் வண்ணப் படத்தின் முன்புதான் கூட்டம் நிற்கும். நான் பார்ப்பது பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் தொங்கும் குறுக்குவெட்டு வரைபடத்தை. தூணின் பருமன், தண்டவாளம் தரையிலிருந்து எத்தனை மீட்டர், வீட்டுச் சுவருக்கும் பாதைக்கும் இடையில் எவ்வளவு, காற்றுப்போக்கிக் கோபுரம் எங்கே எழும் ஆகியவை அதில் எண்களாக இருக்கும். தொங்கவில்லையானால் மேசையில் அமர்ந்திருக்கும் அலுவலரிடம் கேளுங்கள். அடுத்த முறை உங்கள் பேட்டையில் காட்சி வைக்கும்போது ஓர் அளவுகோலையும் கொண்டு செல்லுங்கள்.